செம்மறி மடிநோய்: மூன்று மடிக்கும் ஒரே ஊசியா?

கொங்கு_பட்டி:
வெள்ளாட்டு மடிநோய்க்கு இங்கே பெரிய இழை ஒன்று ஓடுகிறது. செம்மறிக்குத் தனியாக எதுவும் இல்லாததால் இதைத் தொடங்குகிறேன். மேச்சேரி இனம், 60 தாய் ஆடு. பகலில் மேய்ச்சல், இரவில் கொட்டகை, மண் தரை. குட்டி போட்டு 3, 4 வாரத்துக்குள் மூன்று ஆட்டுக்கு மடி பிடித்திருக்கிறது.

முதல் ஆடு: இடது மடி கல் மாதிரி, சூடு. பீய்ச்சினால் இளஞ்சிவப்புத் தண்ணீர். காய்ச்சல் 106 டிகிரி, இரை எடுக்கவில்லை.
இரண்டாவது: பால் திரிதிரியாக வருகிறது. ஆடு நன்றாக மேய்கிறது, காய்ச்சல் இல்லை.
மூன்றாவது: வலது மடி கருநீலம், தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பின்னங்காலை இழுத்து நடக்கிறது.

மருந்துக்கடையில் மூன்றுக்கும் ஒரே பாட்டில்தான் தருகிறார்கள். மடியைப் பார்த்தே இன்ன கிருமி என்று சொல்ல முடியுமா?

மடி_மருத்துவர்:
மூன்றாவது ஆட்டுக்கு இப்போதே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழைத்துவிட்டு, பிறகு வந்து மீதியைப் படியுங்கள். சில்லிட்ட கருநீல மடி என்றால் அழுகல் மடிநோய். ஒரு இரவு தாண்டினால் நச்சு இரத்தத்தில் ஏறி ஆடே போய்விடும்.

இனி உங்கள் கேள்வி. மடியைப் பார்த்துக் கிருமியை ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லலாம். வைத்தியத்துக்கும் தடுப்புக்கும் பாதி வழி அதிலேயே கிடைத்துவிடும்.

செம்மறியின் கடுமையான மடிநோயில் இரண்டு பேர் பெரும்புள்ளிகள். ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஆட்டின் தோல், காம்பில் இருக்கும் சிறு புண், குட்டியின் மூக்கு, கறப்பவர் கை என்று எல்லா இடத்திலும் குடியிருக்கும். அது விடும் ஆல்ஃபா நச்சு மடியின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைத்துவிடும். இரத்தம் போகாத தசை செத்துச் சில்லிடும், நிறம் மாறும். உங்கள் மூன்றாவது ஆட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது மான்ஹெய்மியா. பழைய ஆட்கள் பாஸ்சுரெல்லா என்பார்கள். 1999-இல்தான் பெயர் மாறியது, கிருமி அதே கிருமி. நிமோனியா கொண்டுவருவதும் இதுதான். இதன் இருப்பிடம் குட்டியின் தொண்டையும் டான்சிலும். ஊட்டும்போது காம்புத் துளை வழியே மடிக்குள் போய்விடும். பசியில் குட்டி காம்பைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தால் இன்னும் சுலபம். ஈன்ற மூன்று நான்கு வாரத்தில், அதாவது பால் உச்சத்திலும் குட்டியின் பசி அதைவிட உச்சத்திலும் இருக்கும்போது இது தாக்குவது வழக்கம். இரட்டைக்குட்டி, தாய்க்குத் தீனி போதாமை, பால் கிடைக்காமல் ஊரெல்லாம் திருட்டுப்பால் குடித்துத் திரியும் குட்டி, இந்த மூன்றும் சேர்ந்த மந்தையில் ஒன்றன்பின் ஒன்றாக மடி விழும். உங்கள் முதல் ஆட்டின் சிவப்புத் தண்ணீரும் 106 டிகிரியும் இதற்குப் பொருந்துகின்றன. ஆனால் ஆரியஸும் இதே வேடம் போடும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது ஆட்டில் பலவகைக் கிருமிகள் இருக்கலாம். தோலில் வாழும் சாதுவான ஸ்டெஃபைலோகாக்கஸ் இனங்கள், அதாவது எபிடெர்மிடிஸ், குரோமோஜீன்ஸ், சிமுலன்ஸ் போன்றவை, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத மடிநோயைத்தான் கொடுக்கும். சில நேரம் திரியும் வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் ஈரப் படுக்கையிலிருந்து வரும். ஆட்டைக் கொல்லாது. ஆனால் பால் குறைந்து குட்டி மெலிந்துகொண்டே போகும், பட்டிக்காரர் குடற்புழு என்று நினைத்து மருந்து ஊற்றிக்கொண்டிருப்பார்.

கிடைக்காரன்_ராம்நாடு:
டாக்டர் சார் சொல்றது படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கே நூத்துக்குத் தொண்ணூறு பேர் பென்சிலின்-ஸ்ட்ரெப்டோ ஒண்ணு போட்டு விட்டுர்றாங்க. பாதி ஆடு தேறியும் வருது. அப்புறம் கிருமி பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

மடி_மருத்துவர்:
அண்ணே, அந்தப் பாதி ஆடு ‘தேறியது’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? காய்ச்சல் விட்டது, இரை எடுத்தது. அடுத்த ஈற்றில் அந்தப் பக்கத்துக் காம்பில் பால் வந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் வராது. மடிக்குள் நெல்லிக்காய் அளவில் கட்டி உட்கார்ந்திருக்கும்.

ஆரியஸில் பல வகைகள் பென்சிலினை உடைக்கும் நொதியை விடும், அதனால் சாதாரண பென்சிலின் அங்கே வீண். மேலும் அது நம் வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து ஒளியும், சுற்றிச் சீழ்க்கூடு கட்டும். மருந்து இரத்தத்தில் ஓடினாலும் அந்தக் கூட்டுக்குள் போய்ச் சேராது. மான்ஹெய்மியா அப்படியில்லை. ஆக்ஸிடெட்ராசைக்ளின், செஃப்டியோஃபர், ஃப்ளோர்ஃபெனிகால் போன்றவற்றில் ஒன்று முதல் 12 மணி நேரத்துக்குள் போய்விட்டால் ஆட்டையும் பல நேரம் மடியையும் காப்பாற்றலாம். மைக்கோபிளாஸ்மா என்று இன்னொரு கிருமி உண்டு, அதற்குச் செல்சுவரே கிடையாது. பென்சிலின் செய்வது சுவர் கட்டுவதைத் தடுக்கும் வேலை. சுவரே இல்லாதவனிடம் அது என்ன செய்யும்?

இன்னொரு தவறு, ஒரு ஊசியோடு நிறுத்துவது. அன்றாடம் போட வேண்டிய மருந்தை 3 முதல் 5 நாள் போட்டால்தான் பலன். அளவிலும் குளறுபடி நடக்கிறது. மி.லி.-க்கு 200 மி.கி. வீரியமுள்ள நீண்டநாள் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 20 மி.கி. கணக்கு, அதாவது 10 கிலோ எடைக்கு 1 மி.லி. 25 கிலோ தாய்க்கு 2.5 மி.லி. ஆழமாகத் தசையில். மாட்டுக்குப் போட்ட கையோடு 10 மி.லி. ஏற்றுவதும், பயந்து 1 மி.லி.-யோடு விடுவதும் இரண்டுமே நடக்கிறது. எந்த மருந்து என்பதை ஆட்டைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். எடையை மட்டும் ஊகமாகச் சொல்லாமல் தராசில் தொங்கவிட்டுச் சொல்லுங்கள்.

கலப்பு மந்தைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டில்மிகோசின் செம்மறிக்குச் சில இடங்களில் போடுவார்கள். அதை வெள்ளாட்டுக்குப் போட்டால் ஆடு சாகும். மனிதர் கையில் தவறிக் குத்திவிட்டாலும் இதயத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்து. பட்டியில் அந்தப் பாட்டிலை வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

வேம்பூர்_செம்மறி:
மடிக்குள் ஏற்றும் ட்யூப் பற்றியும் சொல்லுங்கள். மாட்டு ட்யூப்தானே கடையில் கிடைக்கிறது?

மடி_மருத்துவர்:
ஆமாம், மாட்டு ட்யூப்தான். செம்மறிக்கு மடி இரண்டு அறை மட்டுமே, பாதிக்கப்பட்ட அறைக்கு ஒரு முழு ட்யூப். ஒரே ட்யூபில் பாதியை இந்தக் காம்பிலும் மீதியை அந்தக் காம்பிலும் ஏற்றுவது நல்ல பக்கத்துக்கும் நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. முதலில் மடியை முழுக்கக் கறந்துவிட வேண்டும். பிறகு சர்ஜிகல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைப் பஞ்சில் அழுக்கு வருவது நிற்கும் வரை துடைத்து, அரை நிமிடம் காயவிடுங்கள். முனையை முழுதாக உள்ளே குத்தாமல் 3 மி.மீ. மட்டும் நுழைத்தால் போதும். செம்மறியின் காம்புத் துளை சிறியது. முழுதாகக் குத்தினால் துளையின் உட்பூச்சு கிழியும். கிருமியைத் தடுப்பதே அந்தப் பூச்சுதான்.

கல்லாக இறுகிய மடியில் ட்யூப் மருந்து பரவாது, ஊசிதான். அழுகல் மடியில் ட்யூப் வெறும் செலவு.

அகர்_தட்டு (ஆய்வகம்):
இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லா ஆட்டுக்கும் பால் பரிசோதனை செய்ய யாராலும் முடியாது. ஆனால் ஒரு ஈற்றுக்காலத்தில் 3 மடி விழுந்தால் அந்த மூன்றையாவது அனுப்புங்கள். மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கொடுக்கலாம். கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் அங்கேயும் கொடுக்கலாம்.

எங்களிடம் வரும் மாதிரிகளில் தொல்லையே எடுத்த விதம்தான். சரியான முறை இது. முதல் ஊசி போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். கையைக் கழுவி உறை போடுங்கள். துடைக்கும்போது தூரத்துக் காம்பை முதலில், பக்கத்துக் காம்பைப் பிறகு. பால் எடுக்கும்போது தலைகீழ்: பக்கத்துக் காம்பு முதலில், தூரத்துக் காம்பு பிறகு. இல்லாவிட்டால் துடைத்த காம்பின் மேல் உங்கள் முழங்கை உரசும். முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கீழே விடுங்கள். கிருமிநீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடியுங்கள், நேராகப் பிடித்தால் மேலிருந்து முடியும் சாணித் தூளும் விழும். மூடியின் உட்புறம் தரையிலோ கையிலோ படக்கூடாது. 3 முதல் 5 மி.லி. போதும். ஆட்டின் எண், இடது வலது, தேதி எழுதி ஐஸ் பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

ஒரே மாதிரியில் மூன்று நான்கு வகைக் கிருமி முளைத்தால் அது மடியிலிருந்து வந்ததல்ல, தோலும் தூசியும் சேர்ந்தது. திரும்ப எடுக்கச் சொல்வோம்.

‘வளர்ச்சி இல்லை’ என்று முடிவு வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே மருந்து போட்டிருக்கலாம். ஆரியஸ் விட்டுவிட்டுத்தான் பாலில் வெளியேறும், அன்றைய பாலில் இல்லாமல் போயிருக்கலாம். ட்ரூபெரெல்லா பயோஜீன்ஸ் என்ற சீழ்க்கிருமி, நாங்கள் கிருமி வளர்க்கும் இரத்த அகர் தட்டில் 48 மணி நேரம் கழித்தே ஊசிமுனைப் புள்ளியாகத் தெரியும். 24 மணி நேரத்தில் தட்டைத் தூக்கிப்போட்டால் தவறிவிடும். மைக்கோபிளாஸ்மா சாதாரணத் தட்டில் வளரவே வளராது. தனி ஊடகமும் சில நாள் பொறுமையும் வேண்டும், அல்லது கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை. அதனால் சந்தேகம் இருந்தால் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

கிடைக்காரன்_ராம்நாடு:
அந்த ட்ரூபெரெல்லாதான் நாத்தமடிக்குற கெட்டிச் சீழா? தயிர் மாதிரி பச்சை மஞ்சளா வருமே.

அகர்_தட்டு (ஆய்வகம்):
பெரும்பாலும் அதுதான். முள் கிழித்த காயம், பழைய கட்டி உடைந்தது, ஈ மொய்த்த காம்பு இவற்றின் மேல் வந்து உட்காரும். சீமைக்கருவேலங்காட்டில் மேயும் மந்தைகளில் மடியை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதை வாரம் ஒரு வேலையாக வையுங்கள். உண்ணி கடித்த இடமும் இதே மாதிரி வாசல்தான். இந்தச் சீழ் வந்த மடி திரும்பப் பால் கொடுப்பது அரிது.

கொங்கு_பட்டி:
டாக்டர் வந்து பார்த்தார். மூன்றாவது ஆட்டுக்கு ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார். பால் மாதிரி மூன்றும் எடுத்தாயிற்று. மடி எப்படியும் போய்விடும், ஆடு பிழைத்தால் லாபம் என்கிறார். இப்போது வீட்டில் கற்றாழை-மஞ்சள்-சுண்ணாம்பு பூசச் சொல்கிறார்கள். பூசலாமா?

மூலிகை_நாட்டம்:
தாராளமாக. மாட்டுக்கான அளவு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுதாக வரும். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிக் கறந்தபின் மடி முழுக்கப் பூச வேண்டும். நாளுக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள். ஆட்டு மடிக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு அரைத்தால் தாராளம்.

மடி_மருத்துவர்:
திரி வரும் இரண்டாவது ஆட்டுக்குப் பூசலாம், வீக்கம் வடிய உதவும். ஆனால் அதை மட்டும் நம்பி முதல் ஆட்டையும் மூன்றாவது ஆட்டையும் விடாதீர்கள். நோய் அங்கே மடித்தோலில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. பூசிய மடியில் குட்டியை அப்படியே விடக்கூடாது, சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். கழுவித் துடைத்துவிட்டு விடுங்கள். அழுகி உரியும் தோலில் சுண்ணாம்பு படவே கூடாது.

பூச்சைவிட முக்கியம், மடியைக் காலி செய்வது. நாளுக்கு மூன்று நான்கு முறை, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கிடைக்கும் கடைசிச் சொட்டு வரை. நச்சும் கிருமியும் பாலோடு வெளியேறும். பீய்ச்சியதைக் கொட்டகையில் விடாமல் சட்டியில் பிடித்துக் குழியில் ஊற்றி மூடுங்கள். நோய் ஆட்டைக் கடைசியாகக் கறக்கவும்.

வலிக்கு மெலாக்சிகாம். கிலோவுக்கு 0.5 மி.கி., 25 கிலோ ஆட்டுக்கு 12.5 மி.கி. வலி குறைந்தால்தான் தாய் குட்டியை நெருங்கவிடும், இரையும் எடுக்கும். பழைய டைக்ளோஃபெனாக் பாட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள். 2006-லேயே கால்நடைக்குத் தடை, 2023-இல் கீட்டோப்ரொஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் சேர்ந்தன. மருந்து போட்ட ஆடு செத்து, பிணத்தைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்து சாகும். கழுகுகள் வாழும் மாயாறு பக்கம் மந்தை ஓட்டுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

வேம்பூர்_செம்மறி:
குட்டியைத் தாயிடம் விடுவதா பிரிப்பதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மடி_மருத்துவர்:
ஆட்டைப் பொறுத்தது. மூன்றாவது ஆட்டிடமிருந்து உடனே பிரிக்க வேண்டும். முதல் ஆட்டிடமிருந்தும் பிரியுங்கள். பால் வராத காம்பில் குட்டி முட்டி முட்டிப் புண்ணாக்கும், தானும் பட்டினி கிடக்கும். இரண்டாவது ஆட்டிடம் விடலாம், ஆனால் வேறு தாயிடம் போகவிடக்கூடாது. நோய் மடியைச் சப்பிய வாயோடு பக்கத்து ஆட்டைச் சப்பினால் கிருமி அங்கே இறங்கும். அதனால் தாயும் குட்டியும் தனி அடைப்பு.

மேச்சேரி_மேய்ச்சல்:
பிரித்த குட்டிக்குப் பசும்பால் போதும். உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம், நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்து. 4 கிலோ குட்டிக்கு 600 முதல் 800 மி.லி., ஒரு வேளைக்கு 200-ஐத் தாண்டாமல். மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். குட்டியை மல்லாத்திப் புகட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குப் போகும். நின்றபடி, தலை லேசாகத் தூக்கியிருக்க வேண்டும். நோய் மடிப்பாலைக் காய்ச்சி வீட்டில் குடிக்கவும் கூடாது. ஆரியஸ் விடும் ஒரு நச்சு கொதித்தாலும் அழியாது.

கிடைக்காரன்_ராம்நாடு:
ஒண்ணு கேக்கணும். கிடை போடுற மந்தையில இவ்வளவு மடிநோய் கிடையாது. கொட்டகை போட்ட பிறகுதான் அதிகம்னு பலரும் சொல்றாங்க. உண்மையா?

மடி_மருத்துவர்:
இருக்கலாம். கிடை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது வயலுக்கு மாறும், ஆடு காய்ந்த தரையில் படுக்கும். கொட்டகையில் ஐப்பசி கார்த்திகை மழையில் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து சேறாகிக் காம்பு அதிலேயே ஊறும். ஈ.கோலையும் யூபெரிஸும் அங்கேதான் பெருகுகின்றன. ஈ.கோலை மடிநோயில் பால் மஞ்சள் தண்ணீராக இருக்கும், ஆடு திடீரென்று சாயும். தோலில் வாழும் ஆரியஸுக்கும் குட்டி வாயில் வாழும் மான்ஹெய்மியாவுக்கும் கிடை கொட்டகை என்ற வித்தியாசம் அவ்வளவாக இல்லை.

தரைக்குச் சுண்ணாம்பு தூவுவதானால் ஆட்டை வெளியேற்றிவிட்டுத் தூவி, காய்ந்த பிறகு மேலே சாம்பலோ மணலோ போட்டு விடுங்கள். பச்சைச் சுண்ணாம்பில் ஈர மடி படுத்தால் காம்பு வெந்துபோகும், நாமே வாசலைத் திறந்துவிட்ட கதை.

வாய்ச்சிரங்கு இருக்கும் மந்தையில் இன்னொரு வழி திறக்கும். குட்டி வாயிலிருக்கும் பொருக்கு தாயின் காம்புக்கு ஒட்டி அங்கேயும் புண் வரும். அது வைரஸ், ஆனால் அந்தப் புண்ணில் ஆரியஸ் ஏறிக்கொள்ளும். தாயும் வலியில் உதைத்துக் குட்டியை விரட்டும், பால் கட்டும். பொருக்கை உரிக்காதீர்கள், உறை போடாமல் தொடாதீர்கள், மனிதருக்கும் ஒட்டும்.

அகர்_தட்டு (ஆய்வகம்):
மைக்கோபிளாஸ்மாவைப் பற்றி யாரும் விரிவாகக் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மற்ற கிருமிகள் ஒரு ஆடு இரண்டு ஆடு என்று பிடிக்கும். மைக்கோபிளாஸ்மா அகலாக்டியே மந்தையையே பிடிக்கும். பால் திடீரென்று வற்றும், மடி சுருங்கும். கூடவே முழங்கால் வீக்கமும் கண் வெளுப்பும் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். இத்தாலியில் 1816-லேயே விவரிக்கப்பட்ட நோய் இது. வெளியே பார்க்க நல்லா இருக்கும் ஆடு சந்தையிலிருந்து கொண்டுவரும். புதிதாக வாங்கிய தாயை 30 நாள் தனியாக வைத்து, இரு மடியையும் கறந்து பார்த்துவிட்டு மந்தையில் சேருங்கள்.

கொங்கு_பட்டி:
முடிவு வந்துவிட்டது. முதல் ஆட்டில் மான்ஹெய்மியா, மூன்றாவதில் ஆரியஸ், இரண்டாவதில் குரோமோஜீன்ஸ். ஆரியஸுக்குப் பென்சிலின் கேட்கவில்லை, க்ளாக்சாசிலின் கேட்கிறது. முதல் ஆடு எழுந்து இரை எடுக்கிறது. மூன்றாவதன் மடியில் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி தெரிகிறது.

மடி_மருத்துவர்:
அந்தக் கோடு நல்ல அறிகுறி, செத்த பகுதியை உடம்பு பிரித்துவிட்டது. இரண்டு வாரம் முன்பின்னாக அது கழன்று விழும். இழுத்துப் பிய்க்காதீர்கள், இரத்தம் கொட்டும். சீழ் தேங்கினால் காம்பை வெட்டி வடிகால் விடுவது மருத்துவர் வேலை. உங்களுக்குப் பெரிய எதிரி இனி ஈதான். காலை மாலை உப்புநீரில் கழுவி, சுற்றிலும் வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுங்கள். காயம் ஆறியதும், மருந்துக் காலம் முடிந்ததும் கழித்துவிடலாம். நீண்டநாள் ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்குப் பொதுவாக 28 நாள், எதற்கும் லேபிளைப் பாருங்கள். அதற்கு முன் கறிக்குக் கொடுக்கக்கூடாது.

மற்ற 57 ஆட்டையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். துணி துவைக்கும் சோப்புத்தூள் 3 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, தட்டில் 2 மி.லி. பாலும் 2 மி.லி. கரைசலும் சமமாக விட்டுச் சுழற்றினால் போதும். நல்ல பால் நீராகவே ஓடும். கோழை மாதிரி கெட்டியானால் அந்த அறையில் உள்நோய். ஈன்ற முதல் வாரத்தில் செய்யாதீர்கள், சீம்பால் தானாகவே கெட்டியாகிக் காட்டும்.

மேச்சேரி_மேய்ச்சல்:
குட்டி பிரிக்கும்போதும் பார்க்கணும். பிரிப்பதற்கு மூன்று நாள் முன்பே அடர்தீவனத்தை நிறுத்தி, தண்ணீரை மட்டும் நிறுத்தாமல், ஒரே நாளில் பிரித்துவிட வேண்டும். விட்டுவிட்டு ஊட்டவிட்டால் பால் சுரந்துகொண்டே இருக்கும், காம்பு திறந்தே கிடக்கும். நான்கு வாரம் கழித்து இரு கையாலும் மடியை அமுக்கிப் பார்த்து, கட்டி இருக்கும் ஆட்டுக்குக் கிடா விடாமல் கழித்துவிடுவது.

வேம்பூர்_செம்மறி:
கடைசியாக ஒன்று. எங்கள் ஊரிலிருந்து ஆய்வகத்துக்கு இரண்டு நாள் ஆகும். பாலை உறையவைத்து அனுப்பலாமா?

அகர்_தட்டு (ஆய்வகம்):
ஆரியஸ் தாங்கும். ஈ.கோலை, ட்ரூபெரெல்லா, மைக்கோபிளாஸ்மா எண்ணிக்கை குறைந்துவிடும். வேறு வழியில்லை என்றால் உறையவைத்து, ‘உறைந்த மாதிரி, எடுத்த தேதி இது’ என்று குப்பியின் மேல் எழுதுங்கள். வழியில் உருகி மறுபடி உறைந்தால் எதற்கும் ஆகாது. அதைவிட, மாலையில் எடுத்து இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு யாரிடமாவது கொடுத்து அனுப்புவது மேல். பெட்டியில் குப்பி படுத்திருக்கக்கூடாது, டம்ளருக்குள் நிறுத்தி வையுங்கள். மூடி வழியாக ஐஸ் தண்ணீர் இறங்கி வந்த மாதிரிகள்தான் இங்கே அதிகம்.